டீச்சர், போனைப் பிடுங்கி வைக்கட்டுமா? பினாங்குத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கேட்ட கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கணினி அறைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ் போதிக்கிறேன். கைப்பேசி, இணையம் பற்றிய கேள்விகள் எனக்கு மூன்று இடங்களில் வரும்: காலையில் பள்ளிக் கேட்டருகே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, அப்புறம் இரவு பதினொரு மணிக்குப் புலனத்தில். வாட்ஸ்அப்பைத்தான் நாங்கள் இங்கே புலனம் என்கிறோம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

பள்ளிக்குக் கைப்பேசியே கொண்டுவரக் கூடாது என்கிறீர்கள். அப்புறம் அதைப் பற்றி எதற்குப் பாடம்?

கொண்டுவரக் கூடாது என்பது கல்வி அமைச்சின் விதி, எங்கள் பள்ளி தானாகப் போட்டதில்லை. ஆனால் பிள்ளை எங்களிடம் இருப்பது காலை ஏழரை மணியிலிருந்து பிற்பகல் வரைதான். மீதி நேரமெல்லாம் கைப்பேசி இருக்கிற வீட்டில். கோவிட் காரணமாக 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதன் பிறகு, "பிள்ளைக்கு எப்படியாவது ஒரு போன் ஏற்பாடு செய்யுங்கள், வகுப்பு இனி அதில்தான்" என்று வீடு வீடாகச் சொன்னது யார்? நாங்கள்தான். கடன் வாங்கி வாங்கிக் கொடுத்த பெற்றோரை எனக்குத் தெரியும். வாங்கச் சொன்னவர்கள், வாங்கிய பிறகு அதை எப்படிக் கையாள்வது என்று சொல்லித் தராமல் நழுவிவிட முடியாது. பள்ளி வளாகத்துக்குள் எந்த மாணவனும் மோட்டார் ஓட்டுவதில்லை. சாலைப் பாதுகாப்பைப் பள்ளியில்தானே சொல்லித் தருகிறோம்!

இதற்குத் தனிப் பாடவேளை உண்டா?

இல்லை. நன்னெறிக் கல்வியில் கொஞ்சம், நலக்கல்வியில் கொஞ்சம், நான்காம் ஆண்டிலிருந்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் கொஞ்சம் எனச் சிதறிக் கிடக்கிறது. 2023இல் அரசாங்கம் மின்னியல் கல்விக் கொள்கை என்ற ஒன்றை வெளியிட்டது. கொள்கை நல்லதுதான், ஆனால் அது கால அட்டவணையில் ஒரு கட்டத்தையும் கூட்டவில்லை. நான் தமிழ்ப் பாடவேளையில் பத்து நிமிடம் திருடிக்கொள்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது? முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா?

கடவுச்சொல்லிலிருந்து தொடங்கலாம். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கல்வி அமைச்சு டெலிமா என்ற இணையக் கற்றல் தளத்தில் ஓர் அடையாளம் கொடுத்திருக்கிறது. டெலிமா என்றால் மலாயில் மாதுளை, 2020இல் வந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு வாழ்க்கையில் முதன்முதலாகச் சொந்தமாகக் கிடைக்கும் சாவி அதுதான்.

அந்தச் சாவியை நாங்கள் எப்படிக் கொடுத்தோம் தெரியுமா? வெட்கத்தோடு சொல்கிறேன். 2021இல், வீட்டிலிருந்து கற்ற காலத்தில், என் வகுப்பு மாணவர்கள் 31 பேரின் அடையாளத்தையும் கடவுச்சொல்லையும் ஒரே பட்டியலாகப் போட்டு வகுப்புப் புலனக் குழுவில் அனுப்பிவிட்டேன். வேலை சுலபமாக முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள், அமைதியான ஒரு மாணவியின் பெயரில் கூகல் வகுப்பறையில் கெட்ட வார்த்தை வந்தது. அவள் எழுதவில்லை. யார் எழுதியது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை, ஏனென்றால் அறுபது பெற்றோர் கையிலும் அந்தப் பட்டியல் இருந்தது. அந்தப் பிள்ளை ஒரு வாரம் வகுப்பில் கேமராவையே திறக்கவில்லை. தவறு செய்தவன் எவனோ ஒரு மாணவன், ஆனால் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது நான்.

இப்போது கடவுச்சொல்லைச் சிறு துண்டுத்தாளில் எழுதி, மடித்து, தனித்தனியாகக் கையில் கொடுக்கிறேன். "அம்மா அப்பாவிடம் காட்டு, பக்கத்துப் பையனிடம் காட்டாதே." ஏழு வயதுக்கு அவ்வளவு போதும். இரண்டு வாரம் கழித்து, "உன் கடவுச்சொல் என்னடா?" என்று வகுப்பில் வேண்டுமென்றே சத்தமாகக் கேட்பேன். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டுகிற பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம்.

பிள்ளையின் நற்சான்றிதழைப் புலனத்தில் போடுவதில் என்ன தவறு? பெருமைப்படக் கூடாதா?

தாராளமாகப் பெருமைப்படுங்கள். மைகிட் எண்ணை, அதாவது பிள்ளையின் அடையாள அட்டை எண்ணை, மட்டும் மறைத்துவிடுங்கள்.

ஐந்தாம் ஆண்டில் இதை ஒரு விளையாட்டாக நடத்துகிறேன். வெண்பலகையில் 140831-07 என்று எழுதி, மீதி நான்கு இடத்தைக் கோடு போட்டுவிட்டு, கடைசி இடத்தில் மட்டும் ஓர் இரட்டைப்படை எண் எழுதுவேன். "இவர் யார், துப்பறியுங்கள்" என்பேன். இரண்டு நிமிடம் ஆகாது. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி: 2014 ஆகஸ்ட் 31. அடுத்த 07 பினாங்கில் பிறந்ததற்கான குறியீடு. கடைசி எண் இரட்டைப்படை என்றால் பெண், ஒற்றைப்படை என்றால் ஆண். "டீச்சர், தேசிய தினத்தில் பிறந்த பினாங்குப் பொண்ணு!" என்று கத்துவார்கள். சான்றிதழில் முழுப்பெயரும் பள்ளிப் பெயரும் ஏற்கனவே இருக்கின்றன. படத்தில் முகமும் இருக்கிறது. இனி முன்பின் தெரியாத ஒருவன் பள்ளிக் கேட்டருகே நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "போன வாரம்தானே உனக்குப் பிறந்தநாள்?" என்று கேட்க வேறென்ன வேண்டும்?

இந்த விளையாட்டை ஆடிய அன்று மாலை பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாத்தா, பாட்டி அடையாள அட்டைகளையெல்லாம் துப்பறிகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு மாணவன் தன் அப்பாவின் முகநூலைத் தோண்டி, 2019இல் போட்ட பாலர் பள்ளிச் சான்றிதழைக் கண்டுபிடித்து அழிக்கச் சொன்னானாம். அந்த அப்பா என்னிடம் வந்து, "என்னையே திருத்த ஆரம்பிச்சிட்டான் டீச்சர்" என்றார். நான் சிரித்துக்கொண்டேன்.

டிக்டாக் கணக்கு திறந்து தரலாமா? இப்போது 16 வயது என்கிறார்களே?

டிக்டாக், இன்ஸ்டாகிராம், முகநூல் மூன்றுக்கும் அந்த நிறுவனங்களே வைத்த குறைந்தபட்ச வயது 13. புலனத்துக்கும் அதே 13தான். தொடக்கப்பள்ளி மாணவன் எவனுக்கும் அந்த வயது ஆகவில்லை. மலேசியாவில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை வரும் என்று 2025 நவம்பரில் தொடர்புத்துறை அமைச்சர் ஃபஹ்மி ஃபட்சில் அறிவித்தார்.

வயது வரம்பு பதின்மூன்றோ பதினாறோ, எனக்கு உறுத்துவது வேறு. என் வகுப்பில் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகளிடம், பிறந்த ஆண்டை என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். "1988 போட்டோம், அம்மா பிறந்த வருஷம்." யார் போட்டது? "அம்மாதான்." இணையத்தில் பிள்ளை கற்கும் முதல் பாடமே பொய் சொல்வது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தது நாம். அதுமட்டுமா? வயது 37 என்று நம்புகிற செயலி, 37 வயதுக்காரருக்குக் காட்டுகிற விளம்பரத்தையும் காணொலியையும்தான் பத்து வயதுப் பிள்ளைக்கும் காட்டும். பிறகு, "இதையெல்லாம் ஏன் காட்டுகிறது?" என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விடலாம்?

எல்லாருக்கும் ஒரு எண் வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் எண் உண்டு: உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு அப்படி ஒரு எண்ணை நான் சொல்ல மாட்டேன். கணிதக் காணொலி பார்க்கும் ஒரு மணி நேரமும், கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு மணி நேரமும் ஒன்றில்லை. நான் பார்ப்பது காலை ஏழரை மணிக்குக் கண்ணை. தூங்காத பிள்ளையின் கண் பொய் சொல்லாது.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் தினமும் முதல் பாடத்திலேயே மேசையில் சாய்ந்துவிடுவான். அம்மாவை வரச் சொன்னோம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப் தொழிற்சாலை ஒன்றில் வேலை, மாலை ஏழு மணிக்குப் போனால் காலை ஏழு மணிக்குத்தான் வெளியே வருவார். இரவில் பாட்டி காவல். பாட்டி பத்து மணிக்குத் தூங்கிவிடுவார், பையன் இரண்டு மணிவரை விளையாடுவான். அம்மாவைத் திட்டுவதற்கு அங்கே இடமே இல்லை. பினாங்கில் 1972இலிருந்து இந்தத் தொழிற்சாலைகள்தான் நம்மில் பாதிக் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன, இரவு வேலையும் அதோடு சேர்ந்து வருவதுதான்.

அன்றைக்கு வழி சொன்னது நானில்லை, அந்த அம்மாதான். "எங்க லைன்ல போனை லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் உள்ளே போகணும் டீச்சர். மேனேஜர் வந்தாலும் அதே சட்டம்தான். வீட்டுலயும் ஒரு லாக்கர் வச்சிட்டா என்ன?" என்றார். பழைய மைலோ டின் ஒன்றைக் கழுவி, ஐஸ்பெட்டிமேல் வைத்து, இரவு ஒன்பது மணிக்குப் பாட்டியின் போன் உட்பட எல்லாப் போனும் அதற்குள் போக வேண்டும் என்று சட்டம் போட்டார். பாட்டி முதல் வாரம் நாடகம் பார்க்க முடியவில்லை என்று சண்டை பிடித்தாராம். பையன் இப்போது விழித்திருக்கிறான். பெரியவர் போனும் உள்ளே போனதால்தான் அது வேலை செய்தது என்பது என் எண்ணம். பிள்ளையின் போனை மட்டும் போடும் டின், தண்டனை டின்.

தவறு செய்தால் போனைப் பிடுங்கி வைக்கலாமா?

எத்தனை பேர் கேட்டாலும் எனக்கு அலுக்காத கேள்வி இது ஒன்றுதான்.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ரோப்ளாக்ஸில் யாரோ ஒருவரோடு பழகினாள். "நானும் பினாங்குதான், பத்து வயசுதான்" என்று சொல்லியிருக்கிறார் அந்த ஆள். முதலில் விளையாட்டில் பரிசு கொடுத்தார், அப்புறம் பள்ளிச் சீருடையில் ஒரு படம் கேட்டார், அனுப்பினாள். பிறகு வேறு மாதிரிப் படம் கேட்டார். அவள் அனுப்பவில்லை, கெட்டிக்காரி. ஆனால் மூன்று வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. எடை குறைந்து, ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா போன் போயிடும் டீச்சர்."

அந்த ஆளை நம்பிப் பழகுவதைவிட, அம்மாவிடம் சொல்வது அவளுக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்திருக்கிறது. ஆசை காட்டிச் சிறாரை வளைப்பவர்கள் எல்லாரும் இந்தப் பயத்தை நம்பித்தான் தொழில் செய்கிறார்கள். "அம்மாகிட்ட சொன்னா உன் போனைப் புடுங்கிடுவாங்க" என்று அவர்களே எழுதுவார்கள். நாம் பிடுங்கினால் அவர்கள் சொன்னது நிரூபணமாகிறது.

அதனால் பெற்றோரிடம் நான் வாங்கும் வாக்குறுதி ஒன்றே ஒன்று: *பிள்ளை தானாக வந்து சொன்னதற்காகப் போன் பறிபோகாது.* பொய் சொன்னதற்கோ வீட்டுப்பாடம் செய்யாததற்கோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் வந்து சொன்னதற்கு எடுக்காதீர்கள். இந்த வேறுபாட்டைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், சண்டை இல்லாத ஒரு நாளில். அந்த மாணவியின் அம்மாவுக்கு இதை ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்து காவல் நிலையம் போனார்கள்.

வகுப்புப் பிள்ளைகள் என் மகனின் முகத்தை ஸ்டிக்கராக்கிக் கேலி செய்கிறார்கள். சின்னப் பிள்ளை விளையாட்டுதானே என்கிறார் இன்னொரு பெற்றோர்.

ஸ்டிக்கர்தான் இப்போது எங்கள் தலைவலி. கழிப்பறைச் சுவரில் எழுதிய காலம் போய்விட்டது. தும்மும்போது, அழும்போது, வாய் திறந்து தூங்கும்போது எடுத்த படத்தை வெட்டி, கீழே ஒரு பட்டப்பெயர் போட்டு, குழு குழுவாகப் பரப்புகிறார்கள். சுவரை அழிக்கலாம். ஸ்டிக்கர் ஐம்பது போனில் சேமித்துக் கிடக்கும், அவன் இடைநிலைப்பள்ளிக்கு, படிவம் ஒன்றுக்குப் போனாலும் பின்னாலேயே போகும்.

விளையாட்டா இல்லையா என்பதை முடிவு செய்ய வேண்டியவன் ஸ்டிக்கரில் இருப்பவன். அவன் சிரிக்கிறானா? விளையாட்டு. அவன் குழுவைவிட்டு விலகிவிட்டானா? அப்படியானால் இல்லை.

சட்டமும் இப்போது விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2024 ஜூலையில் கோலாலம்பூரில் டிக்டாக்கில் இயங்கிவந்த ஒரு தமிழ்ப் பெண் இணையத் தொல்லை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவருக்கு நீதிமன்றத்தில் கிடைத்தது 100 ரிங்கிட் அபராதம். அன்றைக்கு இருந்த சிறு குற்றங்கள் சட்டத்தில் அதுதான் உச்சம். நாடே கொதித்தது. அதன் பிறகு தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. மிரட்டல், தொல்லை, இழிவுபடுத்தல், ஒருவரின் அடையாள விவரங்களைப் பரப்பித் துன்புறுத்தல் எல்லாம் அதில் அடங்கும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்தது குற்றமாகாது. அதற்குமேல் அந்தத் தடுப்பு அப்படியே இருக்காது. நான்காம் ஆண்டுப் பிள்ளைக்குப் பத்து வயது என்பதைக் கேட்டதும் அந்த "இன்னொரு பெற்றோர்" பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

இருந்தாலும் ஸ்டிக்கருக்குக் காவல்துறையைக் கூப்பிடச் சொல்லவில்லை. திரையைப் படமெடுத்து வையுங்கள், பதிலுக்கு ஸ்டிக்கர் செய்ய விடாதீர்கள், வகுப்பாசிரியரிடம் வாருங்கள். கட்டொழுங்கு ஆசிரியர் அப்புறம். முதலில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர். பெற்றோர் குழுவில் மட்டும் அந்தச் சண்டையைக் கொண்டுவராதீர்கள். போன ஆண்டு பிள்ளைகள் இரண்டே நாளில் சமாதானமாகிப் பந்து விளையாடப் போய்விட்டார்கள். அப்பாமார் இருவரும் இன்னும் பேசுவதில்லை.

ஆபாசப் படம், செயற்கை நுண்ணறிவால் ஒட்டிய படம் போன்றவை வந்தால்?

இதில் மிக முக்கியமானது, *யாருக்கும் அனுப்பாதீர்கள்.* ஆதாரம் என்று எனக்குக்கூட அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி குற்றம். பதறிப்போன பெற்றோர் ஐந்து பேருக்கு அனுப்பினால், படத்தை வைத்திருப்பவர்களில் ஐந்து பேர் கூடுவார்கள். போனை அப்படியே எடுத்துக்கொண்டு காவல் நிலையம் செல்லுங்கள், அல்லது முதலில் பேச ஒருவர் வேண்டுமென்றால் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையின் 15999 எண்ணுக்கு அழையுங்கள்.

இது நம் பக்கம் வராது என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் ஜொகூர், கூலாயில் 16 வயது மாணவன் ஒருவன் சக மாணவியரின் சாதாரணப் படங்களைச் செயற்கை நுண்ணறிவால் ஆபாசமாக மாற்றி, ஒன்று 2 ரிங்கிட் என்று விற்றதாகக் கைது செய்யப்பட்டான். ஒரு பாக்கெட் நாசி லெமாக் விலை.

சாட்ஜிபிடியில் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தால் உங்களுக்குத் தெரியுமா?

இன்றைக்குத் தெரிகிறது, நாளைக்குத் தெரியாமல் போகலாம். "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை கேட்டேன். ஒரு மாணவன் கொடிமலைக்குப் போனதாக எழுதியிருந்தான். பிழையில்லாத தமிழ். மலைக்கு ரோப் காரில் ஏறினார்களாம், நுழைவுச்சீட்டுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தார்களாம். 1923இலிருந்து கொடிமலைக்கு ஏறுவது தண்டவாளத்தில் இழுபடும் ரயிலில்தான். அவன் எழுதிய நாளில் அங்கே ரோப் காரே கிடையாது. ரூபாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். பெயரை எடுத்துவிட்டு அந்தக் கட்டுரையை வகுப்பு முழுவதற்கும் கொடுத்து, "இதை எழுதியவர் பினாங்குக்கு வந்ததே இல்லை. நிரூபியுங்கள்" என்றேன். பதினொரு பிழை கண்டுபிடித்தார்கள். எழுதிக்கொண்டு வந்தவன்தான் அதிகம் கண்டுபிடித்தான், ஏனென்றால் அவன் உண்மையிலேயே கொடிமலைக்குப் போயிருக்கிறான்! தன் தாத்தா ரயிலில் காது அடைத்துக்கொண்டது என்று பயந்ததை வாய்மொழியாகச் சொன்னான். அதை எழுது என்றேன். ஆறு வரிதான், நான்கு எழுத்துப்பிழை. அதற்குத்தான் கூடுதல் புள்ளி போட்டேன்.

சாட்ஜிபிடிக்கும் குறைந்தபட்ச வயது 13 தான், 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும். வீட்டில் பயன்படுத்துவதென்றால் உங்கள் கணக்கில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்யட்டும்.

பிள்ளை கடத்தும் வேன் சுற்றுகிறதாமே?

அந்தச் செய்தி ஆண்டுக்கு இரண்டு முறை வரும், வேனின் நிறம் மட்டும் மாறும். அனுப்புவது பிள்ளைகள் இல்லை, பெற்றோர்தான். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017 மார்ச்சில் தொடங்கிய செபெனார்ஞா தளத்தில் பெரும்பாலும் அதற்கு மறுப்பு இருக்கும். பார்த்துவிட்டு அனுப்புங்கள். பார்த்தால் அனுப்ப மாட்டீர்கள்.

மகன் என் மின்பணப்பையிலிருந்து ரோபக்ஸ் (ரோப்ளாக்ஸ் விளையாட்டுப் பணம்) வாங்கிவிட்டான். பணம் திரும்புமா?

விளையாட்டுக்குள்ளேயே வாங்கியிருந்தால் அந்தந்தச் செயலிக் கடையில் பணத்தைத் திருப்பக் கேட்டுப் பாருங்கள். சில நேரம் கிடைக்கும். "பாதி விலைக்கு ரோபக்ஸ்" என்று யாரோ சொன்னதை நம்பி உங்கள் போனுக்கு வந்த டாக் எண்ணை, அதாவது பணம் அனுப்புவதை உறுதிசெய்யும் ஒருமுறை எண்ணை, சொல்லிவிட்டான் என்றால் அது மோசடி. உடனே 997. தேசிய மோசடி எதிர்வினை மையம், 2022இல் தொடங்கியது. பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் மறிக்கப் பார்ப்பார்கள், அதனால் பையனைத் திட்டுவதைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். வங்கிக்கும் அழையுங்கள், காவல்துறையில் புகாரும் செய்யுங்கள்.

வீட்டில் கணினி இல்லை, ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். நாங்கள் என்ன செய்வது?

கிரீன் லேனில், பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் வளாகத்தில், 2016இல் திறந்த மின்னியல் நூலகம் இருக்கிறது. அந்தப் பள்ளி 1816இல் வேறு இடத்தில் தொடங்கிய ஆண்டே இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பும் அதில் தொடங்கியது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்போது சொல்லுங்கள். மற்றபடி அரசாங்கத்தின் நாடி மையங்கள் பல வட்டாரங்களில் உண்டு, கணினியும் இணையமும் இருக்கும். மலாயிலும் நாடி என்றால் நம் நாடிதான். ஒரே போனைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டுப் பிள்ளைகள் பல நேரம் நிதானமாக இருக்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

பள்ளி முகநூலில் என் பிள்ளை படம் வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். காரணம்கூடக் கூற வேண்டியதில்லை. ஒரு வரி எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லித் தருகிறீர்களாம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எனக்குப் பிடித்த கேள்வி, ஆனால் அதிகம் பேர் கேட்பதில்லை. கைப்பேசியில் தமிழ் எழுதும் வசதியை நமக்குத் தந்தவர்களில் ஒருவர் மலேசியர், முத்து நெடுமாறன். முரசு அஞ்சல் அவருடையது, செல்லினம் 2005இல் வந்தது. நான்காம் ஆண்டில் செல்லினத்தை நிறுவி, பாட்டியிடம் ஒரு சமையல் குறிப்பு கேட்டுத் தட்டச்சு செய்து வா என்பேன். பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி அடிக்கிறாள், "கைப்பிடி" என்றால் எத்தனை கிராம் என்று சண்டை வேறு. அந்த அரை மணி நேரம் போன் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. தள்ளிக்கொண்டே இருக்கும் கட்டைவிரலுக்கு வேறு வேலை கொடுத்துப் பாருங்கள், தடை போடும் வேலை உங்களுக்குக் கொஞ்சம் குறையும்.

ஆசிரியர்களே பள்ளியில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே?

உண்மை. அமைச்சின் சுற்றறிக்கையிலிருந்து சிற்றுண்டிச்சாலைக் கணக்குவரை எங்களுக்கும் எல்லாம் புலனத்தில்தான் வருகிறது. ஆனால் அது முழுக் காரணமில்லை. மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், நான் பேசி முடிச்சதும் பாருங்க" என்று என் கையைப் பிடித்தாள். இப்போது பாடவேளையில் என் போன் கணினி அறை இழுப்பறையில் கிடக்கிறது. நீங்கள் அனுப்புவதற்குப் பிற்பகல் ஒரு மணிக்குமேல்தான் பதில் வரும்.

அப்படியென்றால் அவசரத்துக்கு?

பள்ளி அலுவலக எண்ணுக்கு அழையுங்கள். இன்னும் அந்தப் பழைய கம்பித் தொலைபேசிதான், எடுக்க ஆள் இருக்கிறார். யார் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறார் என்பது மாறினால் பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள், மணியடித்த பிறகு வேன்காரரை நிறுத்திவைக்க முடியாது.